கடைவீதியும் கோட்டையும்

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு "வர்த்தக சபை" என்பது ரெண்டு மார்க் கேள்வி. "வணிகர்களின் நலனை அரசிடம் எடுத்துச் சொல்லும் அமைப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். எப்படி எடுத்துச் சொல்கிறார்கள், சொன்னால் நடக்கிறதா என்பதைப் பற்றி பாடத்தில் ஒன்றும் இருக்காது. அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் பார்க்கலாம்.

முதலில் பழைய கதை. சென்னையில் வெள்ளைக்கார வியாபாரிகள் 1836-லேயே மெட்ராஸ் சேம்பர் ஆஃப் காமர்ஸ் ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஆட்களின் தென்னிந்திய வர்த்தக சபை வந்தது 1909-ல். நம்ம பக்கம் மதுரையில் தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் 1924-ல் தொடங்கியது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 1919-ம் வருஷச் சட்டப்படி அமைந்த சென்னை சட்டசபையில் வர்த்தக சபைகளுக்கென்றே தனி இடங்கள் இருந்தன. மெட்ராஸ் சேம்பருக்கு, தென்னிந்திய வர்த்தக சபைக்கு, நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். மனு எடுத்துக்கொண்டு கோட்டைக்கு அலைய வேண்டியதில்லை, அவர்கள் ஆளே உள்ளே உட்கார்ந்திருப்பார்! ஆனால் சின்னக் கடைக்காரருக்கு அங்கே இடமில்லை.

1952 தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. சட்டமன்றத்தில் வர்த்தக சபைகளின் தனி நாற்காலி போனது. அதற்குப் பிறகு வியாபாரிகளின் கையில் இருந்தது மனு, மாநாடு, கடையடைப்பு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வேறு கதை. அங்கே முழுக்க கூரை போட்ட முதல் ஷாப்பிங் மால், சவுத்டேல், 1956-ல் திறந்தது. அடுத்த வருஷமே, 1957-ல், மால்காரர்கள் தங்களுக்கென்று சர்வதேச ஷாப்பிங் சென்டர் கவுன்சிலை அமைத்துக்கொண்டார்கள். வரி, சுற்றுச்சூழல் விதி என்று எது வந்தாலும் அரசிடம் பேச அதற்கு ஆட்கள் உண்டு. எங்கள் தேவதானப்பட்டியில் ஷாப்பிங் சென்டர் என்றால் கடைவீதிதான். அதற்காகப் பேசுவது வணிகர் சங்கங்கள். வெள்ளையன் தலைமையில் இயங்கிய பேரவை, விக்கிரமராஜாவின் பேரமைப்பு, மே 5 வணிகர் தின மாநாடு எல்லாம் நாம் செய்தியில் பார்த்தவைதான்.

சரி, இவர்கள் கேட்டது நடந்ததா? மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, வாட் வரி. பெரும்பாலான மாநிலங்களில் 2005 ஏப்ரலில் வந்துவிட்டது. வியாபாரிகள் எதிர்த்ததால் தமிழ்நாட்டில் தள்ளிப்போனது. ஆனாலும் 2007 ஜனவரி 1-ல் வந்தே தீர்ந்தது. வரி எப்படிப் போட்டால் என்ன என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

இரண்டு, சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு. 2012 செப்டம்பரில் மத்திய அரசு 51 சதவீதம் வரை அனுமதித்தது. கடையடைப்பு நடந்தது. டிசம்பர் 5-ல் மக்களவையில் 253-க்கு 218 என்று அரசு ஜெயித்தது. ஆனால் அனுமதிப்பதா வேண்டாமா என்ற முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டிருந்தது. தமிழக அரசு முடியாது என்றது. ஏன்? இங்கே ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்றில்லாமல் எதிர்ப்பு இருந்தது. மாசக் கடைசியில் கடன் கொடுக்கும் அண்ணாச்சி கடை போய்விடக் கூடாது என்று வாங்குகிறவர்களும் நினைத்தார்கள்.

மூன்று, பிளாஸ்டிக். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பொருட்களுக்குத் தடை. அவகாசம் வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டார்கள். கூடவே ஒரு நியாயமான கேள்வியும் கேட்டார்கள். பெட்டிக்கடைக்காரர் கேரி பேக் கொடுத்தால் அபராதம், அதே கடையில் சரம் சரமாகத் தொங்கும் கம்பெனி பாக்கெட்டுக்கு மட்டும் விலக்கா? 2020 ஜூனில் அரசு அந்த விலக்கை நீக்கி ஆணை போட்டது. ஆனாலும் பாக்கெட் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. அதுவும் வாங்குகிறவருக்கும் சின்னக் கடைக்கும் சொன்ன புத்திமதிதான்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். நாற்காலி போன பிறகு வியாபாரியின் பலம் வாடிக்கையாளர்தான். 'எங்களுக்கு விலக்கு கொடு' என்று தனியாகப் போனால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே. 'எல்லோருக்கும் ஒரே சட்டம்' என்று கேட்டால் ஊரும் கூட நிற்கும். பிளாஸ்டிக் விஷயத்தில் அந்த வாய்ப்பு சங்கங்களுக்கு இன்னமும் இருக்கிறது. மழை வந்தால் சாக்கடை அடைத்து முதலில் தண்ணீர் ஏறுவது கடைவீதியில்தானே? சுற்றுச்சூழல் என்பது கடைக்காரருக்கு எதிரான விஷயமில்லை, அவருடைய விஷயமே. அந்த வாதத்தைச் சங்கங்கள் கோட்டைக்கு எடுத்துப் போனால் அதிகாரிகளும் காது கொடுத்துத்தான் ஆகவேண்டும்.