கேஷ் நினைவகம்

கணினியின் செயலிக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையில் வைக்கப்படும், அளவில் சிறியதும் வேகம் மிக்கதுமான நினைவகம் கேஷ் எனப்படும். தமிழில் பதுக்கு நினைவகம், இடைமாற்று நினைவகம் என இரு பெயர்கள் வழங்குகின்றன. ஒளித்துவைத்தல் என்னும் பிரெஞ்சு மூலத்துக்கு முன்னதே பொருந்தும்.

பதிவகம், கேஷ், முதன்மை நினைவகம், வட்டு என்ற வரிசையில் கீழே செல்லச் செல்லக் கொள்ளளவு கூடும். வேகமும் ஒரு பைட்டுக்கு ஆகும் விலையும் குறையும். சிறிய கேஷ் பெரிய வேலை செய்வதற்குக் காரணம் நிரல்களின் பழக்கம். சற்றுமுன் தொட்ட தரவையே அவை மீண்டும் தொடும்; இது கால நெருக்கம். அதை ஒட்டியுள்ள தரவையும் தொடும். இது இட நெருக்கம். சி மொழியில் 1000 வரிசையும் 1000 நெடுவரிசையும் கொண்ட அணியில், ஒவ்வோர் எண்ணும் 4 பைட்டு என்க. 64 பைட்டுத் துண்டு ஒன்றை எடுத்தால் 16 எண்கள் ஒருசேர வந்துவிடும். வரிசைவாரியாகக் கூட்டினால் பதினாறும் பயன்படும். நெடுவரிசைவாரியாகக் கூட்டினாலோ ஒவ்வோர் எண்ணுக்கும் 4000 பைட்டு தாவ வேண்டும். உடன் வந்த பதினைந்தும் பெரும்பாலும் வீண்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கிய அட்லஸ் கணினி 1962இல் செயல்பாட்டுக்கு வந்தது. காந்த வளைய நினைவகமும் காந்த உருளையும் நிரலாளருக்கு ஒரே நினைவகமாகத் தெரியும்படி அதில் அமைத்திருந்தனர். இரண்டுக்கும் இடையே 512 சொற்கள் கொண்ட பக்கங்கள் தாமாகவே இடம்மாறின. எந்தப் பக்கத்தை வெளியேற்றுவது என்பதைக் கடந்தகாலப் பயன்பாட்டைப் பார்த்துத் தீர்மானிக்கும் நிரலும் இருந்தது. ஆயினும் அது மெய்நிகர் நினைவகத்தின் தொடக்கமே. கேஷின் தந்தை கேம்பிரிட்ஜின் மோரிஸ் வில்க்ஸ்தான். 32,000 சொற்கள் கொண்ட வேகமான நினைவகத்தைப் பத்து லட்சம் சொற்கள் கொண்ட மெதுவான நினைவகத்துக்கு முன்னால் நிறுத்தலாம் என 1965 ஏப்ரலில் வெளியான இரண்டு பக்கக் கட்டுரையில் அவர் எழுதினார். அதற்கு அவர் இட்ட அடிமை நினைவகம் என்ற பெயர், நல்லவேளை, நிலைக்கவில்லை.

வணிகக் கணினிகளில் முதலில் கேஷ் பெற்றது 1968இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85. பொறியாளர்கள் அதை அதிவேக இடையகம் என்றே எழுதினர். அந்தப் பெயர் பிடிக்காத ஐபிஎம் ஆய்விதழின் ஆசிரியர் லைல் ஜான்சன் கேஷ் என்ற சொல்லை முன்மொழிந்தார். மாடல் 85இன் கேஷ் 16 கிலோபைட்டு. தரவு 64 பைட்டுத் துண்டுகளாக வந்தது.

1989இல் இன்டெல் 80486 சில்லினுள்ளேயே 8 கிலோபைட்டு கேஷுடன் வந்தது. இன்றைய செயலிகளில் கேஷ் பெரும்பாலும் மூன்று அடுக்கு. இன்டெல், ஏஎம்டி செயலிகளில் துண்டின் அளவு இப்போதும் 64 பைட்டுதான்.