சல்லடையும் முத்தும்

அண்மையில் நம் கடற்கரைப் பங்கு ஒன்றில் இளையோர்க்கான மூன்று நாள் தியானம் நடைபெற்றது. இறுதி நாள் தேநீர் வேளையில் கல்லூரி மாணவி ஒருவர் நம்மிடம் வந்தார். “சாமி, நான் ஐந்தாம் எண். ஒதுங்கி நின்று கவனிக்கிற வகையாம். கன்னியர் மடத்தில் சேர நினைத்திருந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு மக்களோடு பழகும் பணி ஒத்துவராது. ஆகவே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்” என்றார்.

“செபித்துப் பார்த்தாயா, மகளே?” என்று கேட்டோம்.

“வினாத்தாளிலேயே விடை வந்துவிட்டதே, சாமி” என்றார்.

அந்த மறுமொழி நம்மைப் பல நாள் உறங்கவிடவில்லை. அவர் குறிப்பிட்டது ‘என்னியகிராம்’ எனப்படும் ஒன்பது வகை ஆளுமைப் பகுப்பு. பொலிவியாவில் பிறந்த ஆஸ்கார் இச்சாசோ, சிலி நாட்டு உளமருத்துவர் கிளாடியோ நரஞ்சோ ஆகியோர் வழியாக 1970-களில் உருப்பெற்று, அமெரிக்க இயேசு சபையினர் சிலர் வாயிலாகத் தியான இல்லங்களுக்குள் நுழைந்தது அது. கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலை அடியொற்றி, காத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்னும் தாயும் மகளும் அமைத்த பதினாறு வகைப் பகுப்பும் நம்மிடையே வழங்கி வருகிறது. இவை புதுமையானவை என்று எண்ணுகிறோம். உண்மையில், மனிதரை வகைப்படுத்தும் முயற்சிக்கு நம் முத்துக்குளித்துறையிலேயே நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு நமக்குப் பாடம் புகட்டக் காத்திருக்கிறது.

முதலில் முத்தைப் பற்றிச் சிறிது சொல்வோம். 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் பெரும் முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதற்கு முன், சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளை வணிகர்கள் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். முதற் சல்லடையில் 20 துளைகள், அடுத்ததில் 30, இப்படியே துளைகள் பெருகிச் சிறுத்து, கடைசிச் சல்லடையில் 1000 துளைகள் இருக்கும். பெரியது மேலே தங்கும். பொடியானது கீழே இறங்கும். ஆயினும் சலித்தவுடன் விலை சொல்லிவிடுவதில்லை. வடிவம், நிறம், ஒளி ஆகியவற்றைப் பழகிய கண் தனித்தனியே பார்த்த பின்னரே இது ஆணிமுத்து, இது கழிவு என்று தீரும். சல்லடைக்கு அளவு தெரியும், ஒளி தெரியாது.

மனிதரைச் சலிக்கும் சல்லடையும் பழையதே. கிரேக்க மருத்துவர் காலம் தொட்டு, இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்களின் மிகுதி குறைவால் மனிதரின் மனப்போக்கு அமைகிறது என்று ஐரோப்பியர் நம்பினர். வாதம், பித்தம், கபம் அறிந்த நமக்கும் இது அயலானதன்று. இயேசு சபையார் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரோமைக்கு அனுப்பிய பட்டியல்களில், ஒவ்வொரு துறவியின் அறிவுத்திறன், தீர்மானிக்கும் திறன், விவேகம், அனுபவம், கல்வித் தேர்ச்சி, இயற்கை மனப்போக்கு, எப்பணிக்கு ஏற்றவர் என்பவற்றைத் தனித்தனியே குறித்தனர். இதனைக் குறை கூறுவதற்கில்லை. கடல் கடந்து ஆளனுப்பும் தலைவர், அனுப்பப்படுபவர் முன்கோபியா பொறுமைசாலியா என்று அறிந்திருப்பது நன்றே.

ஆனால் தனி மனிதரை அறிய எழுந்த கணிப்பு, ஒரு முழு மக்களினத்தின் மீதே தீர்ப்பாகவும் மாறிற்று. 1574-இல் கோவா வந்திறங்கிய பார்வையாளர் அலெசாண்ட்ரோ வலிஞ்ஞானோ பேரறிவாளர். சீன மறைப்பணிக்கு வழி திறந்தவர். அவரே கீழை நாட்டாரை நிறத்தாலும் திறத்தாலும் தரம் பிரித்தார். சப்பானியரையும் சீனரையும் உயர்த்தி வைத்தார். இந்தியரோ அறிவிலும் உறுதியிலும் குறைந்தவர், சபையில் சேர்க்கத் தகாதவர் என்றார். அக்கருத்து நெடுங்காலம் நம் மக்களுக்கு எதிரே அடைத்த கதவாக நின்றது. தூத்துக்குடி மறைமாவட்டம் 1923-இல் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானபோதுதான், அண்மைக் காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் இந்தியர் ஒருவர் ஆயர் பொறுப்பேற்றார். புனித சவேரியார் 1542-இல் இக்கரையில் கால் பதித்ததிலிருந்து எண்ணினால் 381 ஆண்டுகள்!

இந்தப் பின்னணியில் ஒருவரை நினைவுகூர விழைகிறோம். அவர் அருள்தந்தை ஹென்ரிக் ஹென்ரிக்கஸ். 1520-இல் போர்த்துக்கல் நாட்டு விலா விசோசாவில், யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். ‘இரத்தத் தூய்மை’ என்ற பெயரில், யூத மூதாதையரைக் கொண்ட கிறிஸ்தவரை ஐயத்தோடு நோக்கிய காலம் அது. பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தவர் பிறப்பின் காரணமாகவே வெளியேற நேர்ந்தது. அவரைப் பற்றிய பட்டியல் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1545-இல் இயேசு சபை அவரை ஏற்றது. 1546-இல் கோவா சேர்ந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அவர் இங்கே ஆற்றிய பணியைத் தமிழ் அறிந்தோர் அனைவரும் அறிவர். தமிழைக் கற்று, இலக்கணம் வகுத்து, தமிழிலேயே மறையுரையாற்றினார். 1549-இல் வேதாளையில் அருள்தந்தை அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டபின், உடன் உழைத்தோர் இவரையே தலைவராகத் தேர்ந்தனர். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இவர் கைவண்ணம். 1580-இல் ஒப்புரவுக்கான கையேட்டையும் அளித்தார். அத்தகைய கையேடுகள் மனிதனிடம் ‘நீ எந்த வகை?’ என்று கேட்பதில்லை. ‘நீ என்ன செய்தாய்?’ என்று கட்டளை கட்டளையாகக் கேட்கின்றன. வகைக்கு மனமாற்றம் கிடையாது, செய்தவனுக்கே உண்டு.

வரலாற்றின் வேதனையான பக்கம் இனித்தான். 1593-இல் இயேசு சபையின் ஐந்தாம் பொதுப் பேரவை, யூத வழிவந்தோரைச் சபையில் சேர்க்கலாகாது என்று விதித்தது. அப்போது ஹென்ரிக்கஸ் அடிகளாருக்கு வயது 73. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இக்கரையில் உழைத்து முதிர்ந்திருந்தார். தம்மைப் போன்ற ஓர் இளைஞன் இனி அந்த வாசலைத் தட்ட முடியாது என்ற நிலையில் அவர் 1600-இல் கண்மூடினார். அந்த விதி 1946-இல்தான் முற்றாக நீங்கியது. அதே போர்த்துக்கீசியர்தாம் ‘காஸ்தா’ என்ற சொல்லால் நம் சாதிகளைக் குறித்து, அதை ஐரோப்பிய மொழிகளுக்கு வழங்கினர். பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பதில் நாமும் அவர்களுக்கு இளைத்தவரல்லோம் என்பதைத் தலைகுனிந்தே ஒப்புக்கொள்ள வேண்டும். அண்டை மறைமாவட்டத்து மறைசாட்சி தேவசகாயம் 2022-இல் சாதிப் பட்டமின்றிப் புனிதராக அறிவிக்கப்பட்டது நமக்கு ஒரு கண்டிப்பு.

அப்படியானால் பகுப்பு அனைத்தும் தீயதா? இல்லை. தன் குறையை அறியாதவன் அதற்கு அடிமை. ‘நான் ஏன் உடனே சினக்கிறேன்? ஏன் ஒதுங்குகிறேன்?’ என்று எண்ணிப் பார்க்க ஒரு வினாத்தாள் துணை செய்யுமாயின் நன்றி சொல்வோம். ஆயினும் 2003-இல் வத்திக்கான் வெளியிட்ட, புதுயுக இயக்கம் குறித்த ஆவணம் எச்சரிக்கிறது: என்னியகிராமை ஆன்மிக வளர்ச்சிக்கான வழியாகக் கொள்ளும்போது, கிறிஸ்தவப் போதனையிலும் வாழ்விலும் தெளிவின்மை புகுந்துவிடுகிறது. வகைப்பாடு, நாம் இதுவரை எப்படி இருந்திருக்கிறோம் என்று காட்டலாம். இறைவன் இனி எங்கே அழைக்கிறார் என்று அதனால் சொல்ல இயலாது.

அதனைச் சொல்லவல்லது தேர்ந்து தெளிதல். வள்ளுவரும் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். 1521-இல் பம்பலூனாவில் கால் முறிந்து படுத்த இஞ்ஞாசியார், கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்தார். வீரச் செயல்களைக் கற்பனை செய்தபோது இன்பம் தோன்றியது. பிறகு உள்ளம் வறண்டது. புனிதரைப் போல் வாழ நினைத்தபோதும் இன்பம் தோன்றியது. அது நிலைத்து நின்றது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்தே அவருடைய தெளிதல் விதிகள் முளைத்தன. அவர் தம் வகையை ஆராயவில்லை; தம்முள் அசையும் ஆவி எங்கே இழுக்கிறது என்று கவனித்தார். அவரை அசைத்த அத்தகைய புனிதர் வரலாற்றையே 1586-இல் ஹென்ரிக்கஸ் அடிகளார் ‘அடியார் வரலாறு’ என்று தமிழருக்குத் தந்தார் என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது.

நம் தவறு ஒன்றையும் இங்கே அறிக்கையிடுவது முறை. பல ஆண்டுகளுக்கு முன், குருமடம் செல்ல விரும்பிய மீனவ இளைஞர் ஒருவரைக் குறித்து, ‘முன்கோபி, ஏற்றவர் அல்லர்’ என்று ஒரே வரி எழுதினோம். அவரோடு ஒரு முறைகூட அமர்ந்து செபித்ததில்லை. 2017-இல் ஒக்கிப் புயலின்போது, கடலில் காணாமற்போனவர்களைத் தேடி முதலில் படகெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். அவர் குருவாகியிருக்க வேண்டுமா என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஆனால் நாம் கோபம் என்று எழுதியதில் நெருப்பும் இருந்தது. அதை நாம் காணவில்லை. சலித்தோம், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நாசரேத்திலிருந்து நல்லது எதுவும் வரக்கூடுமோ என்று நத்தனியேல் ஐயுற்றார். வந்து பாரும் என்பதே பிலிப்பு தந்த விடை. அன்பர்களே, பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போதும், அன்பியத்தில் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும், நம்மையே எடைபோடும்போதும் அந்த விடையை மறவாதிருப்போம்.

அம்மாணவிக்கு நாம் முடிவு எதுவும் சொல்லவில்லை. ஒரு குறிப்பேட்டை வாங்கி, ஒரு மாதம் இரவுதோறும் இரண்டே வரி எழுதச் சொன்னோம்: இன்று எந்த நினைவு வந்து போனபின் அமைதி நின்றது, எது போனபின் வறட்சி நின்றது என்று. இரண்டாம் குறிப்பேடு தொடங்கிவிட்டதாகச் சென்ற ஞாயிறு சொன்னார். விடை இன்னும் வரவில்லை. அவசரமும் இல்லை.