மன்னார் வளைகுடாவின் கடலட்டை

மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடலட்டை பிடித்த ஊர்களில் அதைத் தின்னும் வழக்கம் இருந்ததில்லை. ராமேஸ்வரம், பாம்பன், வேதாளை, பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுகப் பிடித்ததும் வேகவைத்ததும் காயவைத்ததும் சீனர்களின் சமையலறைக்காகத்தான். வாங்குபவர் எங்கோ இருக்க, விலையும் அளவும் பிறகு சட்டமும்கூட வெளியிலிருந்தே வந்தன. இத்தொழிலின் வரலாற்றில் நடந்த பெரும்பாலான குளறுபடிகளுக்கு இதுவே அடிப்படை.

கடலட்டை நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவான உயிரினம். மணலையும் சேற்றையும் விழுங்கி, அதிலுள்ள கரிமப்பொருளைச் செரித்து, மிச்சத்தை வெளியே தள்ளும். கடலடி மண்ணைக் கிளறிப் புதுப்பிக்கும் வேலை இதனால் நடக்கிறது. விலை மதிப்பில் இங்கே முதலிடம் வெள்ளட்டைக்கு. கடற்புல் வளரும் ஆழமற்ற மணற்சேற்றில் அது வாழும். ராஜட்டையும் சந்தைக்குப் போனது. தொட்டால் வெள்ளை வெள்ளையாகப் பிசுபிசுத்த நூலைக் கக்கும் நூலட்டை, கையில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. வெள்ளட்டை வாழும் அமைதியான கடற்புல் தரைகள் ராமநாதபுரம் கடலில் பரந்து கிடக்கின்றன.

பிடிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. சங்கு குளித்தவர்களே அட்டையும் எடுத்தார்கள். கண்ணையும் மூக்கையும் மூடும் முகமூடி, துடுப்புக்குப் பதிலாகக் காலில் கட்டிய அலுமினியத் தகடு, இடுப்பில் ஒரு வலைப்பை. இதற்குமேல் மூச்சுதான். பாக் விரிகுடாவில் கடலடியை வாரும் தள்ளுமடி வலைகளிலும் அட்டை வந்து சேர்ந்தது.

உண்மையான வேலை கரையில்தான் தொடங்கும். கருவாடு போடுவதைவிட இது பல மடங்கு சிரமம். அட்டையின் ஒரு முனையில் சிறு கீறல் போட்டுக் குடலைப் பிதுக்கி எடுப்பார்கள். அண்டாவில் போட்டு வேகவைக்க, உடல் சுருங்கி ரப்பர் போல இறுகும். வெள்ளட்டையின் தோலில் சுண்ணாம்பு நுண்முட்கள் அப்பியிருக்கும். அதைப் போக்காவிட்டால் சரக்குக்கு மதிப்பில்லை. ஆகவே வெந்த அட்டையைக் கடற்கரையில் குழி தோண்டி மணலுக்குள் புதைத்து ஓர் இரவு விடுவார்கள். தோல் அழுகி இளகியதும் மறுநாள் தோண்டியெடுத்து, கூடையில் கொட்டிக் காலால் மிதித்து, கடல்நீரில் அலசுவார்கள். வெள்ளைப் பூச்சு கழன்று போகும். மீண்டும் ஒரு வேக்காடு. பிறகு மூன்று நான்கு நாள் வெயில். பச்சையில் ஒரு கிலோ இருந்தது காய்ந்தபின் 100 கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோவுக்கு எத்தனை உருப்படி நிற்கிறது என்பதை வைத்துத் தரம் பிரிப்பார்கள். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும்.

இந்த வியாபாரம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது, சீனர்களே கற்றுக்கொடுத்தது என்பது பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சென்னை மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னெல் 1917இல் இத்தொழிலின் வரலாற்றையும் மீட்பையும் பற்றி எழுதிய அறிக்கையே இக்கூற்றுக்குப் பெரிய ஆதாரம். பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால் சீனத் தொடர்பு பழையது என்பதில் ஐயமில்லை. ஆனால் பீங்கான் வந்தது என்பதற்காக அட்டை போனது என்று சொல்லிவிட முடியாது. சீனத்தில் கடலட்டை சத்துணவாகவும் மருந்தாகவும் பரவலாகப் பேசப்படுவது மிங் ஆட்சியின் பிற்பகுதியில், அதாவது 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான். ஆயிரம் ஆண்டுக் கணக்கைச் சற்றுத் தள்ளியே வைப்பது நல்லது.

சீனரின் தேவை பெருகியபோது ஆசியக் கடல்கள் பலவற்றிலும் அட்டை வேட்டை தொடங்கியது. சுலவேசித் தீவின் மக்காசர் மாலுமிகள் பருவக்காற்றைப் பிடித்து ஆண்டுதோறும் ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு வந்து, அங்கேயே அட்டையை அவித்துக் காயவைத்துத் திரும்பினார்கள். 1803இல் மாத்யூ பிளிண்டர்ஸ் அவர்களுடைய படகுகளை நேரில் கண்டு எழுதியிருக்கிறார். உரிமம் மறுக்கப்பட்டு 1907 வாக்கில் அந்தப் பயணம் நின்றது. மன்னார் வளைகுடாவில் சரக்கு உள்ளூர் வியாபாரிகள் கைமாறி, கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகப் போனது. குளித்தவருக்குக் கடைசி விலை தெரிய வாய்ப்பே இருக்கவில்லை.

பெரிய கருவி தேவைப்படாத தொழிலில் கட்டுப்பாடு வருவதற்குள் கடல் வறண்டுவிடும். அட்டை முட்டையையும் விந்தையும் நீரில் விட்டு இனப்பெருக்கம் செய்வது. பக்கத்தில் துணை இல்லாவிட்டால் கருவே கூடாது. எனவே மிச்சம் இருப்பவை சிதறிக் கிடந்தால் அவையும் பயனற்றவை. 1982இல் இந்திய அரசு, காய்ந்தபின் 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. அளவுகோல் துறைமுகத்தில் வைக்கப்பட்டது. அங்கே வந்து சேரும் குட்டி அட்டை ஏற்கெனவே வெந்து காய்ந்திருந்தது.

1988இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி டி.பி. ஜேம்ஸ் குழுவினர், தொட்டியில் நீரின் வெப்பத்தைச் சில பாகை உயர்த்தி வெள்ளட்டையை முட்டையிடச் செய்து, குஞ்சு வளர்த்துக் காட்டினார்கள். வெள்ளட்டையில் உலகிலேயே அதுதான் முதல் முயற்சி. பின்னாளில் வியட்நாமும் மடகாஸ்கரும் வெள்ளட்டைப் பண்ணைகளுக்குப் பெயர் பெற்றன. தூத்துக்குடியில் தொடங்கிய கலை இந்தியக் கரையில் தொழிலாகவில்லை.

2001 ஜூலையில் எல்லா இனக் கடலட்டைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு அட்டைக்கும் கிடைத்தது. அதே அறிவிப்பில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் இருந்தன. நாடெங்கும் மீனவர் எதிர்ப்புக் கிளம்ப, டிசம்பரில் சுறா, திருக்கைப் பட்டியல் 10 இனங்களாகச் சுருங்கியது. அட்டைக்காகக் குரல் கொடுத்தது பெரும்பாலும் ராமநாதபுரம் கரை மட்டும்தான். தடை அப்படியே நின்றது. எந்த இனம் எங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டுப் போட்டது சரிதானா என்ற கேள்வி மீனவரிடமும் ஆய்வாளரிடமும் இன்றுவரை உண்டு.

பாக் நீரிணையின் மறுகரையில் நிலை வேறு. இலங்கையில் உரிமம் பெற்றுக் குளிக்கலாம், ஏற்றுமதி செய்யலாம். இக்கரையில் குற்றமான சரக்கு அக்கரையில் இறங்கிவிட்டால் முறையான சரக்கோடு கலந்துவிடும். கடத்தலுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. 2021 செப்டம்பரில் மண்டபம் பக்கம் வேதாளையில் கடலோரக் காவல்படை 2 டன் அட்டையைக் கைப்பற்றியது. 2020 தொடக்கத்தில் லட்சத்தீவின் சுஹெலித் தீவில் 1,716 அட்டைகள் பிடிபட்டன. அதையொட்டி அங்கே செரியபாணியில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடலட்டைக்கென்றே ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. உலகில் அப்படி ஒன்று அதற்குமுன் இல்லை.

இலங்கையின் வடக்கில் இப்போது பேச்சு கடலட்டைப் பண்ணையைப் பற்றியது. அரியாலையில் குஞ்சு பொரிப்பகம் வந்தது; 2022இல் 5,000 ஏக்கர் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலியிட்ட பண்ணைகள் படகுப் பாதையையும் சிறகுவலை கட்டும் இடத்தையும் அடைப்பதாகக் கௌதாரிமுனை போன்ற ஊர்களில் மீனவர் போராடினார்கள்.

உலக அளவிலான கட்டுப்பாடு தாமதமாகவே வந்தது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், 2019 ஜெனீவா மாநாடு முலையட்டை வகையில் மூன்று இனங்களைச் சேர்த்தது. 2022 பனாமா மாநாடு தெலனோட்டா என்ற கடலட்டைப் பேரினம் முழுவதையும் சேர்த்தது. இவற்றின் ஏற்றுமதிக்கு, பிடிப்பு அந்த இனத்தைப் பாதிக்கவில்லை என்ற சான்று வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இலேயே அழியும் நிலையில் உள்ளதாக வகைப்படுத்திய வெள்ளட்டை இந்த இரண்டு முடிவுகளிலும் இடம்பெறவில்லை.