கோட்டாவைத் தேடிப் போன சட்டை

ஆடைத் தொழில் ஏன் இலங்கைக்கு வந்தது என்ற கேள்விக்கு, "கூலி மலிவு" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிய பத்திரிகையாளர்களில் நானும் ஒருவன். அது பொய்யல்ல, பாதி உண்மை. கூலி மலிந்த நாடுகளுக்கு அன்று உலகில் பஞ்சமில்லை. அவை எல்லாவற்றையும் தேடிக்கொண்டு எவரும் தையல் இயந்திரத்துடன் போகவில்லை.

மீதிப் பாதி ஓர் உடன்படிக்கையில் இருந்தது. 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பல்லிழை உடன்படிக்கை, எந்த நாடு எந்த வகை ஆடையை எவ்வளவு அனுப்பலாம் என்று அளவு வகுக்கும் உரிமையைப் பணக்கார நாடுகளுக்கு வழங்கியது. அந்த அளவுதான் கோட்டா. அமெரிக்க, ஐரோப்பிய ஆலைகளைக் காப்பதே நோக்கம். நடந்ததோ வேறு. கோட்டா தீர்ந்துபோன ஹொங்கொங், கொரிய முதலாளிகள், கோட்டா மிஞ்சியிருந்த நாடுகளையும் அது விதிக்கப்படாத நாடுகளையும் நாடிப் புறப்பட்டார்கள்.

இதில் பங்களாதேஷின் கதை விசித்திரமானது. முன்னாள் அரச அதிகாரியான நூருல் காதர், 1978இல் தென்கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். மறு ஆண்டு அவருடைய 'தேஷ்' நிறுவனத்தைச் சேர்ந்த 130 பேர் பூசான் நகருக்குப் பயிற்சிக்குச் சென்றனர். தைப்பதை மட்டும் அவர்கள் கற்கவில்லை. தரம் பார்ப்பது, வெளிநாட்டு வாடிக்கையாளரைக் கையாள்வது முதலியவற்றையும் கற்றுத் திரும்பினர். சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலானோர் 'தேஷ்' நிறுவனத்தை விட்டு வெளியேறிப் பிற தொழிற்சாலைகளை நடத்தத் தொடங்கினார்கள். காதருக்கு நட்டம், நாட்டுக்கு ஒரு தொழில்! அதோடு வங்கி வழியும் திறந்தது. வாங்குபவர் அனுப்பிய கடன் கடிதத்தையே ஈடாக வைத்து, துணி இறக்குமதிக்கு இன்னொரு கடன் கடிதம் திறக்கலாம். கைமுதல் அதிகம் இல்லாதவரும் ஏற்றுமதியாளரானார். 1985இல் அமெரிக்கா பங்களாதேஷுக்கும் கோட்டா விதித்தபோது தொழில் வேரூன்றிவிட்டது.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரமும் மறு ஆண்டில் உருவான கட்டுநாயக்க வலயமும் அதே அலையில் வந்தவை. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசா 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்துக்குப் போக முன்வந்த முதலாளிக்குக் காட்டிய தூண்டில்களில் ஒன்றும் கோட்டாதான். அந்தச் செய்திகளை எழுதிய காலத்தில் நாங்கள் திறப்பு விழாக்களை எண்ணினோம், கோட்டாவைப் பார்க்கவில்லை.

ஹொங்கொங்கின் லீ அன்ட் ஃபங் வர்த்தக நிறுவனத் தலைவர் விக்டர் ஃபங், 1998இல் ஒரு நேர்காணலில் ஓர் உதாரணம் சொன்னார். பத்தாயிரம் உடுப்புகளுக்கு ஓடர் வந்தால் நூல் கொரியாவில் வாங்கப்படும். நெசவும் சாயமும் தாய்வானில். ஜப்பானிய நிறுவனத்தின் சிப், அதன் சீன ஆலையிலிருந்து. கோட்டாவையும் தொழிலாளர் நிலையையும் பார்த்துத் தையல் தாய்லாந்தில், அதுவும் விரைவுக்காக ஐந்து தொழிற்சாலைகளில். ஐந்து வாரத்தில் சரக்குக் கடைக்குப் போய்விடும். இவ்வளவு கைகள் மாறிய சட்டையை எந்த நாட்டுச் சட்டை என்பது?

2004 டிசம்பர் 31உடன் கோட்டா முடிவுக்கு வந்தது. சீனா எல்லாவற்றையும் விழுங்கிவிடும், இலங்கையும் பங்களாதேஷும் அழியும் என்று பலரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். 2005 கோடையில் ஐரோப்பா அவசரமாகச் சீனாவுக்கு மறுபடி வரம்பு போட, சுமார் 7.5 கோடி ஆடைகள் துறைமுகங்களில் தேங்கின. எங்கள் ஆரூடம் மட்டும் பலிக்கவில்லை. இலங்கையின் தொழில் நிலைத்தது. பங்களாதேஷின் தொழில் பன்மடங்கு வளர்ந்தது.

கோட்டா போனாலும், அது பழக்கிய கைமாற்று முறை போகவில்லை. 2013 ஏப்ரல் 24இல் டாக்காவை அடுத்த சாவாரில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்கள் வெடித்திருந்தன. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. மேல்தளங்களில் தைத்தவர்களோ மீண்டும் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே எங்கள் ஆடை தைக்கப்படவில்லை என்று சில நிறுவனங்கள் முதலில் மறுத்தன. பிறகு இடிபாடுகளுக்குள் இறங்கித் தேடியவர்கள், அந்நிறுவனங்களின் பெயர் பொறித்த பட்டிகளையும் ஓடர் தாள்களையும் புழுதி தட்டி வெளியே எடுத்தார்கள்.