காட்டன் சூதும் கூடைப்பந்துச் சந்தையும்

தண்டையார்பேட்டைப் பக்கம் "காட்டன்"னு சொன்னா எல்லாருக்கும் துணி ஞாபகம் வராது. ஒரு எண்ணைச் சொல்லிப் பணம் கட்டுற சூதாட்டத்துக்கு வடசென்னையில் அதுதான் பேர். பெரம்பூர் பின்னி மில்லை வைத்து வந்த பேராக இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தப்பு. அந்தப் பேர் கிளம்பின இடம் நியூயார்க்.

நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் டெலிபிரிண்டர் வழியாகப் பம்பாய் பருத்திச் சந்தைக்கு வரும். அந்த இலக்கங்கள் என்னவாக இருக்கும் என்று பம்பாயில் பந்தயம் கட்டினார்கள். 1961இல் அந்த விலை வருவது நின்றது. ஆட்டம் நிற்கவில்லை. 1962இல் கல்யாண்ஜி பகத், 1964இல் ரத்தன் கத்ரி என்று ஆளுக்கொரு ஆட்டம் தொடங்கினார்கள். பானைக்குள்ளிருந்து சீட்டு எடுத்தார்கள். பானைக்கு அங்கே "மட்கா" என்று பேர். நம்ம ஊரில் பழைய பேரே தங்கிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். பத்து இலக்கத்தில் ஒன்று விழும். பம்பாய் வழக்கப்படி ஜெயித்தவருக்கு ரூபாய்க்கு ஒன்பது. பத்துப் பேர் பத்து இலக்கத்திலும் ஆளுக்கு ஒரு ரூபாய் கட்டினால் ஒரு ரூபாய் நடத்துறவனுக்கு மிச்சம். ஏழு நல்லா வரும்னு தெரு முழுக்க நம்பினாலும் அந்த ஒன்பது மாறாது. அதாவது, கட்டுறவன் நினைப்புக்கு அங்கே விலையே இல்லை.

இப்போது அமெரிக்காவில் கால்ஷி மாதிரி இடங்களில் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடக்கிற "கணிப்புச் சந்தை" இதற்கு நேர் எதிர். "பாஸ்டன் ஜெயிக்கும்" என்ற சீட்டு, ஜெயித்தால் ஒரு டாலர், தோற்றால் சுழி. அது 60 சென்டுக்கு விற்றால், பாஸ்டனுக்கு நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று வாங்குகிறவர்கள் நினைப்பதாக அர்த்தம். எதிர்ப்பக்கத்தை இன்னொருத்தர் 40 சென்டுக்கு எடுத்திருப்பார். முக்கிய ஆட்டக்காரருக்குக் கணுக்கால் பிசகினால் 60 மளமளவென்று இறங்கும். ஆட்டம் முடியறதுக்குள்ள சீட்டை விற்றுவிட்டுக் கிளம்பலாம். நடத்துகிற நிறுவனத்துக்குக் கட்டணம்தான் வரும்படி. யார் ஜெயித்தாலும் அதற்கு ஒன்றுதான்.

எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது, இதை யார் மேற்பார்க்கிறார்கள் என்பது. கோதுமை, பருத்தி முன்பேர வணிகத்தைக் கவனிக்க 1974இல் அமைத்த மத்திய ஆணையம்! பருத்திச் சந்தையில் கிளம்பின பந்தயம் நம்மூரில் வெறும் எண் சீட்டாக முடிந்தது. அங்கே ஆட்டப் பந்தயம் பருத்தி ஒப்பந்தத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. "சட்டை மாறினா சூது சூதில்லையா?" என்று பல மாநிலங்கள் கோர்ட்டில் கேட்கின்றன. நியாயமான கேள்விதான். சந்தையில் விலை சரியாக இருக்கக் காரணமே, விஷயம் தெரிந்தவன் தெரியாதவனிடம் வாங்குவதுதான். காட்டனில் கூலிக்காசு பத்துக்கு ஒன்று என்று ஒரே சீராகக் கரையும். இங்கே கடைசியாகச் செய்தி கேட்பவன் பையில் இருந்து போகும்.

இந்தியாவிலும் "ப்ரோபோ" ஆப்பில் கிரிக்கெட்டுக்கு இதே வியாபாரம் நடந்தது. ஆமாம், இல்லை இரண்டுக்கும் சேர்த்துப் பத்து ரூபாய். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்ததும் பணம் வைத்து ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். காட்டனுக்குத் தடை எப்பவோ வந்தாச்சு. அதில் கைதானவர்கள் பற்றிய செய்தி மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.