இல்லம் தேடிச் சென்ற மருத்துவம்

கெய்ரோவில் மம்லூக் சுல்தான் அல்-மன்சூர் கலாவூன் 1284இல் (ஹிஜ்ரி 683) நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளருக்கெனத் தனிப் பகுதி இருந்ததை நம்மில் பலர் அறிவோம். அதன் வக்ஃபு ஆவணத்தில் உள்ள மற்றோர் ஏற்பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. வீட்டிலேயே நோயுற்றுக் கிடக்கும் ஏழைகளுக்கும் மருந்தும் உணவும் சென்று சேர வேண்டும் என்பதே அது. நோயாளர் இருக்குமிடத்திற்கு மருத்துவம் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் நம் மரபுக்குப் புதிதன்று. எனினும், மனநோயாளர் துறையில் அது முறையான சிகிச்சையாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

1930களின் பொருளாதார நெருக்கடியில், மனநோய் மருத்துவமனைகளுக்கான செலவைக் குறைக்க விரும்பிய ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி, அரி குவேரிடோ என்னும் மருத்துவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தது. அவர் நோயாளரின் வீடுகளுக்கே சென்றார். குடும்பச் சூழலை நேரில் கண்டபோது, தக்க உதவி கிடைப்பின் பலர் வீட்டிலேயே இருக்க இயலும் என்பது தெளிவாயிற்று. சிக்கனத்திற்காகத் தொடங்கிய பணி சிகிச்சை முறையாகவே மலர்ந்தது.

அமெரிக்காவின் லூயிவில் நகரில் பெஞ்சமின் பாசமனிக் குழுவினர் 1961 முதல் 1964 வரை மனச்சிதைவு நோயாளரிடையே நடத்திய ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. வீட்டிலிருந்த இரு பிரிவினரையும் செவிலியர் சென்று பார்த்தனர். ஒரு பிரிவினர்க்கு மருந்தும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. முன்னவருள் 77 விழுக்காட்டினர் மருத்துவமனைக்குச் செல்லாமல் வீட்டிலேயே இருந்தனர். பின்னவருள் 34 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். வீட்டாரின் அன்பு இன்றியமையாதது. ஆயின் அதுவே மருந்தாகிவிடாது.

இப்பாடத்தை நம் மண்ணில் வைத்துப் பார்ப்போம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீ, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேரின் உயிரைக் குடித்தது. அவர்களை அங்கு விட்டுச் சென்றோரைக் கல்நெஞ்சர் என்று எளிதில் பழித்துவிடுகிறோம். அவர்களின் வாசலுக்கு எந்த மருத்துவர் வந்தார், எந்தச் செவிலியர் வந்தார் என்று நாம் கேட்டதுண்டா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. வீட்டிலேயே மறுவாழ்வுக்கான உதவி பெறுவதையும் உரிமையாக்குகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட மூன்று இடங்களில் 282 மனச்சிதைவு நோயாளரிடையே நடந்து 2014இல் வெளியான ஆய்வோ, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் சமூகத்தினிடையே சென்று துணைநின்றால், மருத்துவச் சிகிச்சையின் பயன் ஓரளவேனும் கூடுகிறது என்று கண்டது.

சங்கிலி இல்லாத வீடும் சிறையாகலாம். ஊர் அறியக் கூடாதென்று பூட்டி வைக்கப்பட்ட அறைகள் நம் மஹல்லாக்களிலும் உண்டு. அக்கதவைத் தட்டி, மருந்துச் செலவையும் மருத்துவரின் வருகையையும் ஏற்றுக்கொள்வது ஜமாஅத்துகளால் இயலாத காரியமன்று. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வக்ஃபு, நோயாளரின் வீட்டுச் செலவையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டது. நம் வக்ஃபுகளின் கணக்கிலும் அதற்கு ஒரு வரி வேண்டும்.