வெள்ளி பொறுக்குறவங்க

அமெரிக்காவுல பேங்குல பத்து டாலர் நோட்டை நீட்டினா, 20 அரை டாலர் காசைக் காகிதத்துல உருளையாச் சுத்திக் குடுப்பாங்க. அதை வாங்கிட்டு வந்து பிரிச்சு, வெள்ளிக்காசு இருந்தா எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வேற பேங்குல கட்டிடறதே வேலையா இருக்கறவங்க உண்டு. நாம துவரையில கல்லு பொறுக்குறோம். அவங்க கல்லுல துவரை பொறுக்குறாங்க.

1964 வரைக்கும் அங்க 10 சென்ட், 25 சென்ட், அரை டாலர் மூணுலயும் 90 சதவீதம் வெள்ளி. வெள்ளி விலை ஏற ஏற, காசைச் செலவழிக்கறதை விட உருக்கறது லாபம்ங்கற நிலைமை வந்துட்டு இருந்துச்சு. 1965ல சட்டம் போட்டுச் சின்னக் காசு ரெண்டுலயும் வெள்ளியை எடுத்துட்டாங்க. அரை டாலர்ல மட்டும் 1970 வரை 40 சதவீதம் வச்சாங்க. சனங்க சும்மா இருப்பாங்களா? பழசைப் பதுக்கிட்டு, புதுசைக் கடையில நீட்டினாங்க. 1967ல காசை உருக்கத் தடை வந்து, 1969ல போச்சு.

எங்க பங்காளி பையன் ஒருத்தன் அங்க இருக்கான், அவனுக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. காசை அடுக்கி விளிம்பை மட்டும் பார்ப்பானாம். செம்புக் கோடு ஓடினா புதுசு, முழுக்க வெளுப்பா இருந்தா வெள்ளி. அரை டாலரை யாரும் கடையில மாத்தறதில்ல, அதனால பேங்குலயே தூங்குது, அதுலதான் இன்னும் ஒண்ணு ரெண்டு சிக்குதுன்னான்.

அச்சுப் பிழைக்கும் மவுசு உண்டு. 1955ல ஒரு சென்ட் காசுல எழுத்தும் வருசமும் ரெட்டையா விழுந்து, ஆயிரக்கணக்குல வெளிய போயிருச்சு. அப்போ 23 சென்ட் சிகரெட்டுக்கு மெஷின்ல 25 போட்டா, மீதி 2 சென்ட் பாக்கெட் மேல சுத்துன கண்ணாடித் தாளுக்குள்ளயே இருக்கும். அதுல பல பேருக்கு இந்தக் காசு கிடைச்சுது.

நம்ம கதைக்கு வர்றேன். முதல் உலகப்போர் சமயத்துல இங்க சனங்க நோட்டை நம்பாம வெள்ளி ரூபாயே கேட்டு நின்னாங்க. சர்க்கார் கையிருப்பு கரைஞ்சுபோச்சு. 1918ல பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, அமெரிக்கா சுமார் 27 கோடி வெள்ளி டாலரை உருக்கிச்சு. அதுல பெரும்பங்கு இங்க வந்து ரூபாயாச்சு. 11.66 கிராம் ரூபாயில 12ல 11 பங்கு வெள்ளி.

1940ல அது பாதியாச்சு. பழசைத் திருப்பிக் குடுக்கக் கெடு வச்சாங்க: 1941ல விக்டோரியா, 1942ல எட்வர்டு, 1943ல ஜார்ஜுங்க தலை போட்டது செல்லாமப் போச்சு. மாத்தாம வச்சிருக்க வசதி இருந்தவன் வீட்டுல வெள்ளி தங்குச்சு, கொலுசாவும் அரைஞாணாவும் ஆச்சு. அன்னாடங்காய்ச்சி என்ன பண்ணுவான்? கொண்டுபோய்க் குடுத்துட்டு நோட்டை வாங்கிட்டு வந்தான். அமெரிக்காவுல மாதிரி பின்னாடி பொறுக்கிக்கலாம்னு அவனுக்கு எந்த உருளையும் இல்ல.

எங்க வீட்டுல மிஞ்சினது 1919 போட்ட ஒரே ஒரு ரூபாய். எங்க அப்பத்தா அரிசிப் பானையில ஒளிச்சு வச்சிருந்தது. கல்லுல போட்டா இப்பவும் கணீர்னு கேட்குது.